சுண்ணாம்பு எங்கே?

மெக்ஸிகோ தேசத்துச் சமையல் புஸ்தகம் வாங்கக் கடைக்குப் போகிறீர்கள். பளபளக்கும் அட்டைகள் பத்துப் பதினைந்து கண்ணைப் பறிக்கின்றன. எல்லாவற்றிலும் ‘அசல்’ என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

என்னைக் கேட்டால், படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். நேரே ‘டோர்ட்டியா’ பக்கத்தைப் புரட்டுங்கள். மக்காச்சோளத்தில் தட்டும் அந்த ரொட்டிதான் அங்கே அன்றாட ஆகாரம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவிய பிறகே அரைக்க வேண்டும். கடை மாவு வாங்கச் சொன்னாலும் சரி, அதுவும் இப்படிப் பக்குவப்பட்டதுதான் என்றாவது எழுதியிருக்க வேண்டும். சுண்ணாம்பைப் பற்றி மூச்சே விடாத புஸ்தகமா? மரியாதையாகத் திருப்பி வைத்துவிடுங்கள்!

அவ்வளவு பெரிய காரியமா என்று சிரிக்காதீர்கள். மக்காச்சோளம் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போயிற்று. பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளைப் ‘பெல்லாக்ரா’ என்ற நோய் பிடித்தது. தோல் வெடித்தது, சித்தம் கலங்கியது. ஸ்பெயின் தேசத்து வைத்தியர் காஸ்பார் காஸால் 1735-ல் அதை விவரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்தைச் சுண்ணாம்பு விடுவிக்கிறது என்பது பின்னால்தான் புரிந்தது. மெக்ஸிகோப் பாட்டிமார் ரசாயனம் படித்தவர்களல்ல. பக்குவத்தைக் கைவிடாதவர்கள், அவ்வளவுதான்.

அடுத்த பரீட்சை மிளகாய். ‘மிளகாய்த் தூள் இரண்டு கரண்டி’ என்றால் போதாது. பொப்லானோ மிளகாய் காய்ந்தால் ஆஞ்சோ; பெயரோடு ருசியும் மாறிவிடும். மூன்றாவது, ஊர். புவெப்லாவின் மோலே குழம்பு வேறு. யூக்கதானில் வாழையிலையில் சுற்றிக் குழியில் வேகவைக்கும் பன்றி இறைச்சி வேறு. ஊர்ப் பெயர் இல்லாத பதார்த்தம் விலாசமில்லாத கடிதம்!

இந்தப் பரீட்சைகளில் தேறுகிறவர்கள் உண்டு. ஸ்பானிஷ் தெரிந்தால் ஹோசெஃபீனா வெலாஸ்கெஸ் டெ லெயோன் அம்மாள் 1946-ல் மாகாணவாரியாகத் தொகுத்ததைத் தேடுங்கள். ஆங்கிலம் போதுமென்றால் டயானா கென்னடி அம்மாள். 1957-ல் மெக்ஸிகோவுக்குக் குடிவந்த இந்த ஆங்கிலப் பெண்மணி, ஊர் ஊராக அலைந்து, அடுப்படிகளில் நின்று கற்றார். முதல் புஸ்தகம் 1972-ல் வந்தது. வஹாக்கா மாநிலத்துக்கென்றே 2010-ல் ஒரு பெரிய நூல். 2022-ல் தமது 99-வது வயதில் மறைந்தார். யாரிடம் கற்றோம், எந்த ஊரில் கற்றோம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

பாட்டி போனால் பக்குவமும் போய்விடும். அவள் சொன்னதில் ஒரு வரியைக்கூட விடாமல் எழுதிய புஸ்தகத்துக்கு, கேட்கிற விலையைக் கொடுக்கலாம்.