பழைய வீட்டுக்கு வைத்தியம்

ஊரில் பழைய வீடு ஒன்று உடையவனுக்கு உறவினர் இரு திறத்தார். ஒரு சாரார் "விற்றுவிடு" என்பர். மற்றொரு சாரார் "இடித்துவிட்டு மாடி எழுப்பு" என்பர். "பழுது பார்த்து வைத்துக்கொள்" என்று கூறுவோர் அரியர். நம் சங்கக் கூட்டங்களில் என்னைத் தனியே அழைத்து இதுபற்றிக் கேட்கும் அன்பர் பலர். அவர்களுக்கும் ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் பொறியாளன் அல்லேன். தலைநகரில் கோப்புகளோடு உழலும் எழுத்தன். நான் செய்த பிழையை முதலிற் சொல்லிவிட்டால், மற்றவை தாமே விளங்கும்.

எங்கள் வீடு மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. பாட்டனார் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என நீளும் நாட்டோட்டு வீடு. தந்தையார் 2014-இல் மறைந்தபின் அம்மா தனியே அங்கிருந்தார். கூடத்தின் மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்கிறதென்று தொலைபேசியிற் சொன்னார். நான் தில்லியில் இருந்தபடியே, சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசச் சொல்லிப் பணம் அனுப்பினேன். வேலை நான்கே நாளில் முடிந்தது. சுவர் கண்ணாடிபோல் இருப்பதாகக் கேட்டுப் பெருமிதமும் கொண்டேன்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. முழங்கால் அளவில் நின்ற ஓதம் மார்பளவுக்கு ஏறிற்று. சிமெண்டுக்கு மேலே வெள்ளை உப்புப் பூத்தது. பூச்சு பாளம்பாளமாகக் கழன்று விழுந்தபோது, செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அந்தச் சுவரோரம்தான் அம்மாவின் கட்டில். அவருக்கு முன்பே இருந்த இளைப்பு அவ்வாண்டு கார்த்திகையில் மிகுந்து, பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. ஈரச் சுவர்தான் காரணமென்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. கட்டிலைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள் என்றுமட்டும் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

விடுப்பெடுத்து ஓடினேன். எழுபது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மூச்சு விடுற சுவரு. நீங்க மூக்கைப் பொத்திட்டீங்க" என்றார்.

பொருள் இதுதான். பழைய சுவர்கள் பெரும்பாலும் சிறு செங்கல்லும் மண் சாந்தோ சுண்ணாம்புச் சாந்தோ கொண்டு எழுந்தவை. அடித்தளத்தில் ஓதத் தடுப்பு இல்லை. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளை வழியே காற்றில் உலரும். சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் வேறு வழி தேடி மேலே செல்கிறது. கரைந்த உப்பு உள்ளே இறுகிக் கல்லை உடைக்கிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் வண்ணங்களும் இதே தீங்கைச் செய்வன. வெள்ளையடிப்பதாயின் சுண்ணாம்பே நன்று.

சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுதும் சுவரைத் திறந்தபடி உலரவிட்டோம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்துப் பூசினார்கள். ஒரே நாளில் கனமாக அப்பாமல், மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். பூசிய சுவரைப் பல நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும், நாள்கூலியும் மிகுதி. அவசரப்படுத்துவோரிடம் இப்பணியை ஒப்படைத்தல் கூடாது. புதுச்சேரியின் வைசியாள் வீதி வீடுகளைச் செப்பனிட்டதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தது. அங்கே சென்று பார்த்தபோதுதான், எங்கள் கொத்தனார் சொன்னது வெறும் பழம்பெருமை அன்றென்பது எனக்குத் தெளிவாயிற்று.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. கொல்லைத் தென்னை சமையலறைமேல் சாய்ந்தது. ஓடுகளிற் பாதி போயின. சுவர்கள் நின்றன. மரவேலையில் அப்போது நான் கற்றது: உத்திரம் சுவருக்குள் புகும் முனைதான் முதலில் உளுக்கும், கரையானும் அங்குதான் புகும். சுத்தியலால் தட்டினால் ஓசையே காட்டிக்கொடுக்கும். அழுகிய முனையை மட்டும் அறுத்துப் புதுத் தேக்கை ஒட்டவைக்கத் தெரிந்த ஆசாரி இன்னும் இருக்கிறார். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்பவரிடம் சற்று எச்சரிக்கையாயிருங்கள்; பழைய தேக்குக்குச் சந்தையில் நல்ல விலை.

இன்னொன்று. நமக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர்ப் பயணச் சலுகை உண்டு. அதைப் பொங்கலுக்கோ பள்ளி விடுமுறைக்கோ செலவிடுகிறோம். ஒருமுறையேனும் ஐப்பசியிற் செல்லுங்கள். எந்த ஓடு விலகியது, எந்தக் கூடுவாய் ஒழுகுகிறது என்பது மழையில்தான் தெரியும். ஓடு மாற்றும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரத்தைப் பற்றியும் கூற வேண்டும். பட்டா பாட்டனார் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று என அலைந்தபோது, தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிடுமாறு உறவினர் எனக்கு உபதேசித்தனர். பரம்பரைச் சொத்தில் 1989-இல் தமிழ்நாட்டில் மணமாகாத பெண்மக்களுக்கும், 2005-இல் நாடெங்கும் பெண்மக்கள் யாவர்க்கும் சம உரிமையைச் சட்டம் அளித்துவிட்டது. எனினும் "அண்ணன்தானே செலவு செய்கிறான்" என்ற வாதம் ஓயவில்லை. நானும் கூச்சமின்றிக் கேட்டேன். அவள் மறுத்துவிட்டாள்.

"அம்மா ஆஸ்பத்திரியிலே இருந்த பன்னிரண்டு நாளும் நான்தான் பக்கத்திலே இருந்தேன் அண்ணா. நீ பணம் அனுப்பினே. அது சரி. ஆனா இது என் வீடும்தான்."

அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது உண்மை. மறுநாள் காலை அம்மா தாழ்வாரக் கட்டிலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் இருவருக்கும் காப்பி ஆற்றித் தந்தார். பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றினோம். அதன்பின் வேலைக்காரரை மேற்பார்ப்பவள் தங்கையே. என்னைவிடக் கண்டிப்பானவள், மணலைச் சலிக்காமல் கலவை போடவிடுவதில்லை.

மேற்குச் சுவர் இப்போது உலர்ந்திருக்கிறது. அம்மா கட்டிலை மீண்டும் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். முற்றத்துக் கூடுவாய்த் தகரம் துருப்பிடித்திருக்கிறதாம். வரும் வைகாசியில் மாற்ற வேண்டும். செலவில் பாதி தன்னுடையது என்று தங்கை முன்கூட்டியே எழுதிவிட்டாள்.