மேடை எப்படி அமையுமோ!

காணாத பொருளைப் பற்றிப் பேசுவதில் மனிதர்க்கு உள்ள இன்பம் கண்ட பொருளைப் பற்றிப் பேசுவதில் இருப்பதில்லை. மணமகளைக் காணுமுன் மணமகன் வீட்டார் பேசும் பேச்சும், கரைவலை ஏறுமுன் மடிக்குள் இருப்பது சூடையோ சாளையோ என்று கரையில் நிற்போர் பேசும் பேச்சும் இவ்வகையின. உடப்புக் கரையிலே பிறந்து வளர்ந்த எனக்கு இவற்றுள் இரண்டாவது, தாலாட்டைப் போலவே பழகிய ஒன்று. கயிறு இன்னும் பாதித் தூரம் இழுபடவில்லை. அதற்குள் மீனை நிறுத்து, விற்று, பணத்தையும் பங்கிட்டு முடித்திருப்பார்கள்.

இவ்வாண்டு நம் கல்லூரி மாணவர் வாயில் அடிபடுவது மீன் அன்று, மேடை. நிறைவு விழாவின் இசை நிகழ்ச்சிக்கும் நாடகத்துக்கும் எழுப்பப்படவிருக்கும் மேடை எவ்வாறு இருக்கும் என்பதே அவர்கள் பேச்சு. ஒளித்திரைச் சுவர் உண்டு என்கிறான் ஒருவன். பாடகர் கடலிலிருந்து தோணியில் வந்து இறங்குவார் என்கிறான் மற்றொருவன். மேடையே சுழலும் என்று ஆணையிட்டுக் கூறுவோரும் உளர். மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை வேண்டியபோது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுவோர் பலர் இருப்பதால் யான் இந்த ஊகத்தைப் பற்றியே எழுதலாம் எனத் துணிந்தேன். மேடை விடயத்தில் எனக்கொரு வழக்கும் உண்டு. அது பின்னர் வரும்.

என் பேரனும் அவன் தோழரும் மாலை வேளைகளில் மணலில் அமர்ந்து பேசுவதைக் கேட்டே உலகத்து மேடைகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொண்டேன். அயர்லாந்து தேசத்து யூ-2 என்னும் றொக் இசைக்குழு, 2009ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பார்சலோனா நகரின் காம்ப் நூ உதைபந்தாட்ட அரங்கிலே ஓர் உலகச் சுற்றுலாவைத் தொடங்கிற்று. ஒத்திகைக்காக அவ்வரங்கிலே இரும்புக் கால்கள் எழும்பத் தொடங்கியதும் ரசிகர்க்கு உறக்கம் போயிற்று. விண்கலம் என்றார் சிலர். சிலந்தி என்றார் சிலர். மைதானத்தின் நடுவே நாற்காலின்மேல் ஏறத்தாழ 50 மீற்றர் உயரத்துக்கு நின்ற அவ்வமைப்புக்கு நகம் என்று பொருள்படும் பெயர் நிலைத்தது. படத்தைப் பார்த்த நான், "இது நண்டல்லவோ?" என்றேன். பையன்கள் சிரித்தனர். ஆயினும் நண்டைப் பிடித்துப் பழகிய ஊரில் அதற்கு வேறு பெயர் பொருந்தாது என்பதே இன்னும் என் கருத்து.

அதனை வகுத்தோர் வில்லி வில்லியம்ஸ் என்பாரும் மார்க் பிஷர் என்பாரும் ஆவர். பிஷர் கட்டடக்கலை பயின்றவர், 2013இல் காலமானார். பிங்க் புளொயிட் குழுவினர் 1980, 1981ஆம் ஆண்டுகளில் நிகழ்த்திய 'சுவர்' நிகழ்ச்சிக்கு மேடை வகுத்தோருள் அவரும் ஒருவர். அந்நிகழ்ச்சியின் முற்பாதியிலே பாட்டு நடக்க நடக்கப் பணியாளர் அட்டைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாடுவோரையே சபையோர் கண்ணுக்கு மறைத்துவிடுவர். இறுதியில் அச்சுவர் இடிந்து விழும். காசு கொடுத்து வந்தவர்க்கு முகத்தைக் காட்டாது மறைக்கும் துணிவை எண்ணி வியந்தேன்.

நண்டு மேடைக்கு வருவோம். ஓரிடத்தில் நிகழ்ச்சி நடக்கும்போது அடுத்த ஊரில் மற்றொன்றை எழுப்புவதற்காக அதில் மூன்று செய்தனர். இரண்டாண்டுகளில் 110 நிகழ்ச்சிகள் நடந்தன. வந்தோர் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர். ஆட்டம் ஓய்ந்தபின் அம்மூன்றில் ஒன்று, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ட்ரேப்பர் என்னும் ஊரிலுள்ள நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலையின் முற்றத்திலே போய் நின்றுவிட்டது. நண்டு மீன்களிடம் சென்றது முறைதானே!

இத்துணை இரும்பும் எதற்காக? இசைக்குழு மைதானத்தின் ஒரு கோடியில் நில்லாது நடுவிலே நின்று பாட, மக்கள் நாற்புறமும் சூழ்ந்திருந்து கேட்க வேண்டும் என்பதற்காக. இதனைப் பேரன் விளக்கியபோது எனக்கு மட்டக்களப்பு நினைவு வந்தது. அங்கே வடமோடி, தென்மோடிக் கூத்துகள் ஆடப்படும் வட்டக்களரி இதுவேயன்றோ? நடுவிலே மண்ணைச் சிறிது உயர்த்திய வட்டம்; சுற்றிலும் சனம்; இரவு முழுவதும் ஆட்டம். அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பின்னாலிருந்தும் பார்க்கலாம், முன்னாலிருந்தும் பார்க்கலாம். ஆடுவோன் எத்திசைக்கும் முதுகு காட்டாது சுழன்றாடும்படி ஆட்டமே அமைந்திருக்கிறது. மேலைத்தேயத்தார் மூன்று பெரும் இரும்பு நண்டுகளைச் செய்து எட்டிப் பிடித்ததை எம்மவர் ஒரு வண்டில் மண்ணால் முடித்திருந்தனர்.

ஆனால் அதே காலத்தில் நாம் செய்தது என்ன? அந்த வட்டத்தை விட்டு மூன்று பக்கம் அடைத்த மேடைக்குள் புகுந்தோம். பார்சி நாடகக் குழுக்கள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே திரைச்சீலைகளோடு இந்நாட்டுக்கு வந்தபோது தமிழரும் சிங்களரும் ஒருங்கே மயங்கினர். கொழும்பு மருதானையில் 1911இல் திறக்கப்பெற்ற டவர் மண்டபம் அம்மயக்கத்தின் சின்னம். தமிழ்நாட்டிலே கன்னையா தம் கம்பெனி நாடகங்களில் காட்சியமைப்பின் பிரமாண்டத்தாலேயே பெயர் பெற்றார். கிட்டப்பா பாடியது அவருடைய மேடையிலேதான். பின்வந்த நவாப் இராஜமாணிக்கம் அவரையும் விஞ்சினார் என்பர். அதன்பின் ஆர். எஸ். மனோகர், 'இலங்கேஸ்வரன்' முதலிய நாடகங்களிலே தந்திரக் காட்சிகளைக் கையாண்டார். இவற்றைக் கண்டவர் கதையைச் சொல்லமாட்டார், "அது எப்படிச் செய்தான்?" என்பதையே சொல்வர். என் தந்தையாரும் அவ்வகையினரே. கடல் கடந்து சென்று நாடகம் பார்த்து மீண்டவர் ஒருவர் வாயிலாகத் தாம் கேட்ட காட்சிகளைத் தாமே கண்டதுபோல விரிப்பார். ஒவ்வொரு முறையும் மேடை சற்று வளர்ந்திருக்கும்.

யான் விடுதியில் இருந்து பயின்ற காலம் 1960களின் நடுப்பகுதி. அப்பொழுது எங்கள் தமிழாசிரியர் கர்ணன் கதையை நாடகமாக்குவதாக அறிவித்தார். உடனே விடுதியில் ஊகம் தலைப்பட்டது. கர்ணனின் தேர்ச்சில்லு மண்ணிற் புதையும் காட்சியை மேடையில் எவ்வாறு காட்டுவார்? பலகையை அறுத்துப் பள்ளம் செய்வார் என்றது ஒரு கட்சி. தேரின் கீழே கரைவலைக் கப்பி பொருத்தி மெல்ல இறக்குவார் என்றது மறு கட்சி. இதற்காக இராச் சோற்றுக்கு வரும் பொரித்த மீன் துண்டுகள் பந்தயமாக வைக்கப்பட்டன. பலகை அறுக்கும் ஓசை கேட்கிறதா என்று மண்டபத்துச் சாளரத்தின் கீழ் முறைவைத்து ஒளிந்திருந்தோம். கேட்டதெல்லாம் மத்தளமும் ஆசிரியரின் அதட்டலுமே.

நாடக இரவு வந்தது. தேரும் இல்லை, சில்லும் இல்லை. பின்னே ஒரு கறுப்புச் சீலை, அவ்வளவே. கர்ணனாக வந்த மாணவன் தேரினின்று இறங்குவதுபோல் இறங்கினான், குனிந்தான், இரு கைகளாலும் வெறுவெளியைப் பற்றி உயர்த்தத் தொடங்கினான். கழுத்து நரம்பு புடைத்தது, கால் வழுக்கியது, மீண்டும் பற்றினான். முன்வரிசைகளில் இருந்த மாணவராகிய நாங்கள் பந்தயம் தோற்ற ஏமாற்றத்தில் முணுமுணுத்தோம். பின்னே நின்ற எங்கள் ஊரவரோ அரவமற்றுப் போயினர். நாள்தோறும் கயிறு இழுக்கும் உடம்புகள் அவை. எடை என்பது முதுகில் எங்கே பிடிக்கும் என்று அறிந்தவை. நாடகம் முடிந்து மணலில் நடந்து செல்கையில் முதிய சம்மாட்டி ஒருவர் என் தந்தையாரிடம், "அந்தச் சில்லு நம்ம மடியைவிடப் பாரம், தம்பி" என்றார். தந்தையார் அதற்கு மறுமொழி கூறவில்லை. நானறிய, அன்று முதல் அவருடைய மேடைக் கதைகள் வளர்வது நின்றுபோயிற்று.

ஆசிரியர் இம்முறையை எங்கிருந்து பெற்றார் என்பதைப் பின்னரே அறிந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை அரங்கேற்றியிருந்தார். இரவு முழுதும் ஆடும் கூத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏற்றினாராயினும், காட்சிச் சீலைகளால் அதனை மூடவில்லை. அதற்கு முன்னரே, 1956இல், எதிரிவீர சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள அரங்கிலே காட்சிச் சீலைகளை நம்பாது வெற்றி கண்டது. அவர் பின்பற்றிய நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பதும், அது வளர்ந்த இடங்களுள் நம் மேற்குக் கரையும் ஒன்று என்பதும் அறிஞர் கூற்று. எம் வாசலில் இருந்த பொருள் பேராதனை போய் எமக்கே திரும்பி வந்தது போலும்.

இனி என் வழக்கு. யான் பெருமேடைக்குப் பகைவன் அல்லன். பையன்கள் ஆசைப்படுவதை ஆசைப்படட்டும். எமக்கு மீன் துண்டு, அவர்க்கு ஒளித்திரை. கலக்கம் வேறு. விழாவை ஓகஸ்ட் விடுமுறையில், கடலோரத் திறந்த வெளியில், உயர்ந்த இரும்புச் சட்டங்களோடு நடத்துவதென முதலில் பேசப்பட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் குடும்பத்தோடு வரக்கூடிய காலம் அதுவே என்பது காரணம். நியாயமான காரணந்தான்; செலவில் பெரும்பங்கு அவர்களுடையது.

ஆனால் அது கச்சான் காற்று வீசும் காலம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை இக்கரையில் வீசும் காற்றை நம்பியே கற்பிட்டிப் பக்கத்தில் காற்றாலைகளை நிறுவியிருக்கிறார்கள்; பட்டம் கட்டி அலைமேல் ஓடும் வெளிநாட்டாரும் அதனை நாடியே வருகிறார்கள். அக்காற்றிலே ஒளித்திரைச் சுவர் என்பது பாயே அன்றி வேறன்று. பாய் விரித்தால் தோணி ஓடும். ஓட இடமில்லாத பாய் என்ன செய்யும்? அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சந்தையிலே 2011 ஓகஸ்ட் 13ஆம் நாள் இசை நிகழ்ச்சியின்போது திடீரென வீசிய காற்றில் மேடைக் கூரை சரிந்து எழுவர் மாண்டனர். மறு ஆண்டு ஜூன் 16இல் ரொறன்ரோவிலே றேடியோஹெட் குழுவுக்கு எழுப்பிய மேடையின் கூரை, சபையோர் உள்ளே வருமுன் இடிந்து, மேளக் கருவிகளைப் பேணும் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே காற்றின் மேல் பழி இல்லை. கூரை தன் பாரத்தைத் தாங்கவில்லை. பொறியியலாளரும் சட்டமும் மலிந்த நாடுகளிலே இவை நிகழ்ந்தன. நம்மூரில் இரும்புச் சட்டம் வாடகைக்குக் கொடுப்போரிடம் காற்றின் வேகத்தைப் பற்றிக் கேட்டால், "ஒன்றும் ஆகாது ஐயா" என்பதே விடை. அவ்விடையை யான் மும்முறை பெற்றேன்.

இன்னொன்றும் உண்டு. கச்சான் எழுந்தால் இப்பக்கத்தில் கரைவலை ஓயும். எம்மவரிற் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்வர். திரௌபதி அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்கு வருவார்கள், தீமிதிப்புக் காண்பார்கள், திரும்பிவிடுவார்கள். அன்று கர்ணனின் சில்லை நிறுத்துப் பார்த்த சபை இவர்களுடைய பாட்டன்மாரே. இன்று மேடையில் ஏறவிருக்கும் பிள்ளைகளின் தந்தையர் கொக்கிளாய்க் கரையில் வலை இழுத்துக்கொண்டிருக்க, யாருக்காக அந்த ஒளித்திரை?

இவற்றைக் குழுவினர் முன் வைத்தேன். இரண்டு கூட்டங்கள் சூடாகவே நடந்தன. ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசிய என் வகுப்புத் தோழர், "நீ பழைய காலத்திலேயே நிற்கிறாய்" என்றார். "நான் காற்றுக்கு எதிரே நிற்கிறேன்" என்றேன். ஈற்றில் விழா மாசிக்கு மாறியது. பயணச் சீட்டை மாற்ற இயலாத சிலர்க்கு மனவருத்தம் உண்டு. அதனை யான் அறிவேன். இரும்புச் சட்டங்களைத் தகுதி வாய்ந்த பொறியியலாளர் ஒருவர் சோதித்துக் கையொப்பம் இடாமல் எவரும் ஏறுவதில்லை என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. முதல் இரவு பெருமேடையில் இசை. இரண்டாம் இரவு மைதானத்து மணலில் வட்டமாகக் கூத்து; அதற்கான மண்ணை மாணவரே சுமப்பர்.

பெருமேடையின் வரைபடம் செயலாளரிடம் இருக்கிறது. யான் பார்த்துவிட்டேன் என்ற செய்தி எப்படியோ கசிந்து, நேற்று மாலை உயர்தர வகுப்பு மாணவர் மூவர் வீடு தேடி வந்து, "ஐயா, தோணி உண்டா? அதையாவது சொல்லுங்கள்" என்று மன்றாடினர். மோர் கொடுத்து அனுப்பினேன். படலையைக் கடக்குமுன்னரே அவர்களுள் ஒருவன், "ஐயா சிரித்த சிரிப்பைப் பார்த்தாயா? தோணி நிச்சயம்" என்று மற்றவர்க்குச் சொல்வது கேட்டது.