ஹர்த்தால் என்னும் சொல்

தமிழ் எழுத்து மரபுக்கு ஒவ்வாத முதலெழுத்துடன் எமது மொழியுட் புகுந்து, எமது ஊர்களிற் சிறுபிள்ளையும் அறிந்த சொல்லாய் நிலைத்துவிட்டது 'ஹர்த்தால்'. இலக்கணகாரர் இதனைத் திசைச்சொல் என்பர். பிறந்தகம் குசராத்தி மொழி. 'ஹாட்' எனின் கடை. 'தாள்' எனின் பூட்டு. கடையைப் பூட்டுதல் என்பதே நேர்ப்பொருள். (எமது 'தாழ்' என்னும் சொல் ஒலியால் அருகே நிற்கின்றது. ஒலியொப்புமை கண்டவுடன் உறவு கொண்டாடும் வழக்கம் எமக்கில்லை. ஆதலின் அதனை இவ்வளவில் விடுகின்றோம்.)

ஆள்வோரின் ஆணை பொறுக்கவொண்ணாததாகும் போது வணிகர் கடைகளைப் பூட்டித் தம் குறையை அறிவித்தல் வடநாட்டுப் பழவழக்கம். 1810ஆம் ஆண்டின் இறுதியிற் கம்பெனியார் வீட்டுவரி விதித்தபோது காசிமாநகரத்தார் இவ்வாறே செய்தனர். ஆயினும் இச்சொல்லுக்குப் புதுப்பொருள் பிறந்த இடம் தமிழ்நாடென்பதைப் பலர் அறியார். 1919ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ரௌலற் சட்டத்தை எவ்வாறு எதிர்ப்பதெனச் சிந்தித்தவாறு காந்தியடிகள் சென்னையில் இராசாசியின் விருந்தினராய்த் தங்கியிருந்தார். ஒருநாள் விடியற்புறத்தில், உறக்கமும் விழிப்புமல்லாத நிலையில், நாடு முழுவதும் ஒரே நாளிற் தொழில் நிறுத்தி நோன்பிருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அதனை இராசாசியிடம் கூறினார். முதலிற் குறித்த நாள் மார்ச்சு 30. பின்னர் ஏப்பிரல் 6 ஆக மாற்றப்பட்டது. மாற்றத்தின் செய்தி நேரத்திற் சென்றடையாத தில்லியில் முதல் நாளிலேயே கடைகள் பூட்டப்பட்டன.

அன்று கேட்கப்பட்டது கடையடைப்பு மாத்திரமன்று. இருபத்துநான்கு மணிநேர உபவாசமும் பிரார்த்தனையுமாகும். எமது புதினத்தாள்கள் இன்றும் 'ஹர்த்தால் அனுஷ்டிக்கப்பட்டது' என எழுதுகின்றன. வேலைநிறுத்தத்தைச் செய்கின்றோம்; கூட்டத்தை நடத்துகின்றோம்; ஹர்த்தாலையோ, கந்தசட்டியையும் சிவராத்திரியையும் போல, அனுஷ்டிக்கின்றோம். இவ்வினைச்சொல்லைத் தெரிந்தவர் எவரோ, பொருளறிந்தே தெரிந்தார் என்பது எமது துணிபு.

அயற்சொற்களோடு ஒப்பிடின் இது மேலும் விளங்கும். பகிஷ்காரம் என்பது பிறரை வெளியே நிறுத்துவது. 'பகிஷ்' எனின் வெளி. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தமையால் வடக்கில் நான்கு தொகுதிகளில் எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. வேலைநிறுத்தத்தில் நட்டமடைபவர் பெரிதும் முதலாளி. ஹர்த்தாலிலோ, பூட்டுபவர் தம் கைப்பொருளையே இழக்கின்றார்.

இலங்கையில் இச்சொல் வேரூன்றிய நாள் 1953 ஆகத்து 12. கூப்பன் அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. இடதுசாரிக் கட்சிகள் அழைப்பு விடுத்தன. தமிழரசுக் கட்சியும் ஆதரித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று; துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒக்தோபரில் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். சிங்களவரும் தமிழரும் ஒரே சொல்லால் ஒரே காரியத்தைச் செய்த நாட்கள் எமது வரலாற்றில் அதிகமில்லை. 2022 மே 6இலே மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிகழ்ந்தது.

சென்ற தவணையிற் பத்தாந் தர மாணவருக்குச் சொற்பொருட் பயிற்சியொன்று கொடுத்திருந்தோம். ஹர்த்தால் என்பதற்கு நேரே ஒருவன் 'பாடசாலை நடைபெறாத நாள்' என எழுதினான். உடனிருந்த ஆசிரியர் நகைத்தார். எமக்கு நகைப்பு வரவில்லை. காணாமலாக்கப்பட்டோரின் உறவினருக்காக 2017 ஏப்பிரல் 27இலும், பல்கலைக்கழக நினைவுத்தூபி இடிக்கப்பட்டமைக்காக 2021 சனவரி 11இலும் வடக்குக் கிழக்கெங்கும் கடைகள் பூட்டப்பட்டன. அக்காரணங்களை அவனுக்கு எவரும் எடுத்துக் கூறவில்லை. பூட்டிய வாயிலை மாத்திரம் கண்டான். வழக்கு நோக்கின் அவன் எழுதியது பிழையுமன்று.

சொல் தேய்ந்துவிட்டதற்கு இன்னோர் அடையாளம், அது இப்பொழுது தனித்து வருவதேயில்லை. 'பூரண ஹர்த்தால்' என்றே அழைக்கின்றனர். பூரண விரதம் என எவரேனும் கூறக் கேட்டதுண்டா?

மனமொப்பிப் பூட்டிய கடைக்கும், கண்ணாடிக்குக் கல் வருமென அஞ்சிப் பூட்டிய கடைக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லை. இதனை எண்ணிப்போலும், 1919இன் அறிவுறுத்தலில், ஞாயிற்றுக்கிழமையும் கடமையுள்ள ஊழியர் முன்கூட்டி விடுமுறை பெற்ற பின்னரே வேலையை நிறுத்தலாம் என விதித்தனர். இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் வணிகர் பலர் உளர். ஒருநாள் நட்டத்தை அவர்கள் தாங்குவர். சந்தையிற் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஆச்சிக்கு அன்றைய கீரை மறுநாள் ஆகாது. அவரும் அனுஷ்டிக்க விரும்பலாம். பலர் விரும்புகின்றனர் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கின்றோம். ஆனால் அழைப்பு முதல்நாள் மாலையில் வருகின்றது. அதற்குள் அவர் கீரையைப் பிடுங்கிக் கட்டி, நீர் தெளித்து வைத்துவிடுகின்றார். மூன்று நாள் முன்னதாக அறிவித்தலும், காரணத்தை ஊர்தோறும் ஒருவர் சென்று கூறுதலும் அழைப்போருக்கு அத்துணை அரிய காரியங்களல்ல.