சித்திரையில் பிறந்தால் படிப்பு ஏறுமா?

ஆடி பிறந்தால் போதும், புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் கரு தங்கினால் சித்திரையில் பிரசவம், கத்திரி வெயில், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று ஒரு கணக்கு. சரி, பிறந்த மாசம் உடம்பைப் படுத்தலாம். படிப்பையும் படுத்துமா?

படுத்தும்... ஆனால் அதற்குக் காரணம் வெயிலும் இல்லை, கிரகமும் இல்லை. ஸ்கூல் அட்மிஷன் தேதி!

புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப்மர் வளாகத்து கேந்திரிய வித்யாலயாவில் ஒண்ணாம் கிளாஸ் சேர மார்ச் 31-ல் 6 வயசு முடிந்திருக்க வேண்டும். 1826-ல் ஆரம்பித்த பிரெஞ்சு லிசேயில் பிரான்ஸ் வழக்கம்: ஒரே வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை பிறந்த பிள்ளைகள் ஒரே வகுப்பு. ஊர் எல்லை தாண்டி கோட்டக்குப்பம் போனால் தமிழ்நாடு. அங்கே தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர, வயசுக் கணக்கு ஜூலை 31.

இப்போது ஏப்ரல் கடைசியில் பிறந்த நம்ம சித்திரைக் குழந்தை... கேந்திரிய வித்யாலயாவில் வகுப்பிலேயே பெரிய பிள்ளைகளில் ஒன்று. கோட்டக்குப்பத்தில் சின்னதுகளில் ஒன்று. லிசேயில் நடுவாந்திரம். டிசம்பர் பிள்ளை லிசேக்குப் போனால் அதுதான் கடைக்குட்டி. ஒரே ஜாதகம், மூணு பலன் :-)

ஆறு வயசில் பதினோரு மாச வித்தியாசம் என்பது வாழ்ந்த காலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பது, ஒரே இடத்தில் உட்காருவது, டீச்சர் கேட்டால் பதில் சொல்வது எல்லாவற்றிலும் அது தெரியும். பெடார்ட், டூயி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் பல நாட்டுத் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பார்த்தார்கள். நாலாம் வகுப்பில் வயசில் சின்னவர்கள் பெரியவர்களைவிட 4 முதல் 12 பர்சென்டைல் பின்தங்கி இருந்தார்கள். எட்டாம் வகுப்பில் 2 முதல் 9. குறைகிறது, ஆனால் போகவில்லை. பிரான்ஸிலும் ஜனவரி பிள்ளைகளைவிட டிசம்பர் பிள்ளைகள்தான் அதிகம் ஃபெயிலாகி அதே வகுப்பில் திரும்ப உட்காருகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு 'மக்கு' என்று பேர் வைத்துவிட்டால் அதுவும் நம்பிவிடும், அதுதான் கொடுமை.

முன்னாடி நம்மூரில் தேதியே பார்க்கவில்லை. தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் அந்தப் பக்கக் காதைத் தொட்டால் அட்மிஷன். எட்டவில்லையா, அடுத்த வருஷம் வா! பிறந்த தேதியை தலைமையாசிரியரே போட்டுக்கொள்வார். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் சர்டிபிகேட்டில் மே, ஜூனிலேயே பிறந்திருக்கிறார்கள்.