என் பூதக்கண்ணாடியும் பேரனின் விளக்கும்

பேப்பர் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் காணோம். பொழுது சாய்ந்த நேரம். தேடிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். எட்டாவது படிக்கும் பேரன் அங்கே ஒரு விளக்கு செய்து வைத்திருந்தான். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பத்து வாட் எல்.இ.டி., அதன் சூட்டை வாங்கிக்கொள்ளப் பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய அலுமினியத் துண்டு, முன்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாயின் வாயில் என் பூதக்கண்ணாடி! எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வெளிச்சம் வட்டமாக விழுந்தது. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடம், எல்.இ.டி. நடுவில் இருக்கிறதா என்று பார்க்க, எரியும்போதே லென்ஸுக்குள் குனிந்தான். தோளில் கிடந்த துண்டை லென்ஸ் மேல் போட்டு மூடி, வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"லேசர் இல்லையே தாத்தா, சும்மா லைட்டுதானே?" என்றான்.

அவனை உட்கார வைத்து 1980 பிப்ரவரி 16 கதையைச் சொன்னேன். அன்று சூரிய கிரகணம். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் வெறும் கண்ணால் அதைப் பார்த்தார். வலி எதுவும் இல்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. மறுநாள் காலையில் பேப்பரை விரித்தால், பார்க்கிற எழுத்து மட்டும் மறைகிறது, சுற்றிலும் உள்ளவை தெரிகின்றன. ரிட்டையராகும் வரை கோப்புகளைத் தலையைச் சாய்த்துத்தான் படித்தார்.

வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல விளக்குதான். மேலே பூசிய மஞ்சள் பொடியால் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலம்தான் விழித்திரைக்கு ஆகாதது. சிறுவர்களின் கண் தெளிவாக இருப்பதால் அதை அதிகம் உள்ளே விடும். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துக் கொஞ்சம் தடுக்கும். பூதக்கண்ணாடி வெளிச்சத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆனால் தூரத்தில் புள்ளியாகத் தெரிய வேண்டிய எல்.இ.டி.யை, லென்ஸ் முழுவதும் எரிகிற வட்டமாக்கிக் காட்டுகிறது. கண்ணுக்குள் போகும் ஒளியும் அதற்கேற்பக் கூடுகிறது. கண் கூசினால் கால் நொடியில் இமை மூடிக்கொள்ளும். வலிந்து உற்றுப் பார்ப்பவனுக்கு அந்தக் காவலும் இல்லை.

பிறகு இருவரும் சேர்ந்து வேலையை முடித்தோம். விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸ் வழியாகப் பார்த்து எல்.இ.டி.யை நடுவில் வைத்தோம். அதன்பின் விளக்குக்குப் பின்னால் நின்று சுவரில் அடித்தோம். வட்டம் சரியா, கோணலா என்பதைச் சுவரே சொல்லிவிட்டது.

பூதக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்தேன். மாடியில் விட்டால் பகல் வெயில் அதன் வழியாக இறங்கி எதையாவது பொசுக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில் அதை நாங்கள் 'லூப்' என்போம். வெயிலில் காகிதத்தைக் கருக்குவதுதான் எங்கள் விளையாட்டு. காகிதம் போனால் வேறு காகிதம் கிடைத்தது.

பேரன் பேத்திகள் வீட்டில் இப்படி ஏதாவது செய்தால் தடுக்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், விளக்குக்குப் பின்பக்கமாக.