டிகிரி

எங்கள் ஊரில் உப்பு விளையும், டாக்டர்கள் விளைவதில்லை. செய்யூருக்குக் கிழக்கே கழிவெளியை ஒட்டிக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி வைத்தாற்போல் உப்புப் பாத்திகள் கிடக்கும். அவற்றில் ஓர் அளத்தில் என் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கணக்கு நோட்டைவிட அவர் கையில் அதிகமாக இருந்தது ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் ஈயக்குண்டு, மேலே கோடு கோடாக எண்கள். பாத்தி நீரில் அதை மிதக்க விட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்து, "இருபத்தி மூணு டிகிரி, இன்னும் ரெண்டு நாள் போகணும்" என்பார்.

கடல்நீர் 3 டிகிரி சொச்சம் இருக்கும். வெயிலில் வற்ற வற்ற அது ஏறும். வழியிலேயே ஜிப்சம் படிந்துவிடும். 25ஐத் தொட்டால் சோற்று உப்பு இறங்கத் தொடங்கும். 30க்குப் போக விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஆகவே மிச்ச நீரை முன்னாலேயே வெளியே விட்டுவிட வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற அப்பாவுக்கு இவ்வளவும் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: அதற்கு ரசாயனம் என்று பெயர். அந்த டிகிரிக் கணக்கை 1768ல் ஏற்படுத்தியவர் போமே என்ற பிரெஞ்சுக்காரர் என்றும், அவர் தொழிலால் மருந்து தயாரிப்பவர் என்றும் பின்னால் நான் படித்துச் சொன்னபோது, "அப்படியா, நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குத் தெரிந்த டிகிரி அது. எனக்கு வேண்டியிருந்த டிகிரி வேறு.

1998ல் நானும் என் பெரியம்மா மகளும் பிளஸ் டூ முடித்தோம். அவள் எனக்கு ஆறு மாதம் மூத்தவள். அந்த ஆறு மாதத்துக்காக இன்றுவரை என்னை அக்கா என்று கூப்பிட வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் டாக்டராக வேண்டும். அப்போது மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்விலிருந்து 100, ஆக 300க்குக் கணக்கு. என் கணக்கு 260 சொச்சத்தில் நின்றது. அக்காவுக்கு என்னைவிட நான்கு மார்க் கூட. அந்த நான்கு மார்க்கால் எங்கள் வீட்டில் அவளுக்கு மரியாதை கூடியதே தவிர, இரண்டு பேருக்கும் ஸீட் இல்லை.

"ரசாயனம் படியுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு பார்மஸி, லாப் என்று ஏதாவது ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாம்" என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் சொல்லித்தான் திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்துக்கு விண்ணப்பம் போட்டோம். என் மனத்தில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன்: தோற்றவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

சின்னாளபட்டிக்கு அருகில், சிறுமலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மரங்களுக்கு நடுவே இருக்கிறது அந்தச் சின்னச் சர்வகலாசாலை. காந்திகிராமத்தை 1947ல் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். சிறு வயதிலேயே கல்யாணமாகி, சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அந்தக் காலத்து வழக்கப்படி மூலையில் உட்காராமல் டில்லிக்குப் போய் லேடி ஹார்டிங் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தார். பிறகு ஜி.ராமச்சந்திரனை மணந்துகொண்டு, இருவருமாகக் கிராமத்துக்கு வந்தார்கள். 1956ல் கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976ல் அதற்குச் சர்வகலாசாலை அந்தஸ்து கிடைத்தது. டாக்டராகிப் பட்டணத்தில் பங்களா கட்டவேண்டும் என்று கனவு கண்டவன், பட்டணத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்த டாக்டர் உண்டாக்கிய இடத்தில் போய் விழுந்தேன். இந்த வேடிக்கை அப்போது உறைக்கவில்லை.

முதல் வருஷம் உப்பில்தான் ஆரம்பித்தது. உப்புக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட்டிலிருந்து வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். உப்பிலுள்ள குளோரைடு தீர்ந்ததும், அடுத்த சொட்டில் மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். திரும்பிய அந்தச் சொட்டில் கையை நிறுத்த வேண்டும். எனக்கு எப்போதும் இரண்டு சொட்டு அதிகமாகிவிடும். அக்கா நிறுத்திவிடுவாள். ஊரிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த செய்யூர் உப்பை அவள் மூன்று தரம் செய்து, மூன்று தரமும் ஒரே அளவு வந்ததும்தான் நோட்டில் எழுதினாள். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப் போகும், சோப்புக்குப் போகாது. லீவில் ஊருக்கு வந்தபோது பெரியம்மா அந்த விரல்களைப் பார்த்து, "பொண்ணு பார்க்க வரவங்க என்ன நினைப்பாங்க?" என்று அழுதாள்.

கிராமத்தில் போய்த் தங்குவதும் அங்கே பாடத்தில் சேர்த்தி. திண்டுக்கல் ஜில்லாவில் சில கிராமங்களில் குழந்தைகளின் பற்களில் காவி படிந்திருக்கும். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லைக் கெடுக்கும். இன்னும் ஏறினால், வருஷக்கணக்கில் குடிப்பவரின் எலும்பையும் மூட்டையும் இறுக்கிவிடும். அடிபம்புத் தண்ணீரைச் சீசாக்களில் பிடித்து வந்து சோதித்தோம். சிவப்புச் சாயக் கரைசலில் அந்த நீரைக் கலந்தால் சிவப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு புளோரைடு. ஒரு பாட்டி எங்களிடம், "நீங்க டாக்டருங்களா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அக்கா, "இல்ல பாட்டி, நாங்க தண்ணி பார்க்கறவங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சீசாவில் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் முடிந்தபோது அப்பா படுத்துவிட்டார். நான் படிப்பை விட்டுவிட்டு வந்து அவருடைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்து இன்டர்மீடியட் படிப்பும் இரண்டு வருஷந்தான். என்னையும் அந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். பட்டம் இல்லாமல் உப்பளத்துக்குத் திரும்பியவன் இரவில் கதை எழுத ஆரம்பித்தேன். அது வேறு கதை.

அக்கா முடித்தாள். பிறகு மருத்துவ ஆய்வகப் படிப்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்தாள். அதுவரை தனியார் ரத்தப் பரிசோதனை நிலையங்களில், வீட்டு வாடகைக்கும் காணாத சம்பளத்துக்கு உழைத்தாள். கடைசியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஊரில் அவளை, "ரத்தம் எடுக்கிற பொண்ணு" என்பார்கள். ஒரு கல்யாண வீட்டில் நானே அப்படிச் சொல்லி அறிமுகப்படுத்தியிருக்கிறேன்.

2016 கோடையில் என் அம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. இரண்டாம் நாள் கண் செருகி, கால் துவண்டுவிட்டது. அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். ரத்தம் எடுத்தார்கள். உடம்பு வற்றியிருந்ததால் நரம்பு கிடைக்காமல் இழுத்துப் பிடித்துத்தான் எடுக்க முடிந்தது. ராத்திரி வேலையில் அக்கா இருந்தாள். இயந்திரம் பொட்டாசியம் 5.9 என்று காட்டியது. 3.5லிருந்து 5 வரை இருக்கவேண்டியது. அதிகமானால் இதயம் நின்றுவிடும். ஆகவே உடனே அதைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள்.

அவள் அந்த எண்ணை அனுப்பவில்லை. குழாயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறாள். மேலே தெளிந்து நிற்கும் நீர் வைக்கோல் நிறமாக இருக்கவேண்டும். அது செம்பருத்திச் சாறு போலச் சிவந்திருந்தது. எடுக்கும்போதே ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். அணுவுக்கு வெளியே இருப்பது சோடிய உப்பு, உள்ளே இருப்பது பொட்டாசிய உப்பு. வெளியே உள்ளதைப்போல் உள்ளே இருபது முப்பது மடங்கு. அணு உடைந்தால் உள்ளே இருப்பது வெளியே கொட்டி எண்ணை ஏற்றிவிடும். அக்கா இரண்டு மாடி ஏறி வந்து, டியூட்டி டாக்டரிடம் சொல்லி, தானே அம்மாவின் கையைத் தடவித் தடவி வேறு நரம்பில் புதிதாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை 2.9.

அதிகம் இல்லை, குறைவு. குறைக்க மருந்து கொடுத்திருந்தால் அம்மா போயிருப்பாள். டாக்டர் உடனே சலைனோடு பொட்டாசியம் ஏற்றச் சொன்னார். விடிவதற்குள் அம்மா கண்ணைத் திறந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டாள்.

காலையில் அக்காவை வராந்தாவில் பார்த்தேன். எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல், "எப்படிக்கா உனக்குத் தோணிச்சு?" என்றேன்.

"தோணறதுக்கு என்னடா இருக்கு? நெறம் பார்த்துதானே நிறுத்தணும்? உனக்குத்தான் எப்பவும் ரெண்டு சொட்டு அதிகமாயிடும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

நுழைவுத் தேர்வு 2007ல் ஒழிந்தது. 2017லிருந்து நீட் வந்திருக்கிறது. 2020லிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவிகிதம் ஒதுக்கியிருப்பதால், எங்கள் செய்யூரிலும் இனி டாக்டர்கள் விளையலாம்; விளையட்டும். என் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். டாக்டர் கனவு அவளுக்கும் உண்டு. போன வாரம், "கிடைக்கலேன்னா என்னப்பா? கெமிஸ்ட்ரிதானா?" என்று கேட்டாள். அந்த "தானா"வைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது 1998ஆம் வருஷத்து என்னுடைய குரல்.

உபதேசம் செய்ய வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பரணில் அப்பாவின் கண்ணாடிக் குழாய் இன்னும் இருக்கிறது. எடுத்துத் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, மிதக்க விட்டு அவளிடம் கொடுத்தேன். குனிந்து பார்த்தாள். எண்ணைச் சொன்னாள். பிறகு தானாகவே இன்னொரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அத்தையின் ஆய்வகத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் போனில் கேட்டதற்கு, "வரட்டும். வரும்போது சித்தியையும் கூட்டிட்டு வா, ரத்தம் பார்த்து ஆறு மாசமாச்சு" என்றாள்.