உப்பு, சோடா, பதினேழு கிலோ

செவன் அப் 1929-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது. குடித்தால் மனசுக்குத் தெம்பு என்று ஒரு நம்பிக்கை. 1948-ல்தான் எடுத்தார்கள். அடுத்த வருஷமே ஜான் கேட் என்கிற ஆஸ்திரேலிய டாக்டர், தலைகால் புரியாத உற்சாகத்தில் தூக்கமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த நோயாளிகள் லித்தியம் கொடுத்ததும் அடங்கினார்கள் என்று கட்டுரை எழுதினார். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்கு இன்றைக்கும் அது முன்வரிசை மருந்து.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம், அணைக்கட்டில் இருக்கும் என் சித்தப்பா மகன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து ராத்திரி தூங்காமல், ஊரில் பாதிப் பேரிடம் கடன் வாங்கி, சொந்தமாகத் தோல் ஏற்றுமதி செய்யப்போகிறேன் என்று கிளம்பினான். அப்புறம் மூன்று மாசம் பாயை விட்டு எழவில்லை. லித்தியமும், ராத்திரிக்கு ஒலான்ஸபைனும் கொடுத்தார்கள். ஆள் திரும்பி வந்தான், வேலைக்குப் போனான். கூடவே பதினேழு கிலோவும் வந்தது. 62 இருந்தவன் 79.

"மாத்திரைய நிறுத்திடலாம்னு கீறேன்ணா" என்றான் போனில்.

"ஏன்டா?"

"கம்பெனி பஸ்ல எவனும் பக்கத்துல ஒக்கார மாட்றான். ரெண்டு டிக்கெட் எடுடான்றானுங்க. பைத்தியம்னு சொன்னப்பகூட இவ்ளோ வலிக்கலண்ணா."

நிறுத்தாதே என்று சொல்வது சுலபம். சொல்கிறவனுக்கு பேண்ட் டைட்டாகப் போவதில்லை. ஆனால் லித்தியத்தைச் சட்டென்று விட்டால் பழைய ஆட்டம் திரும்பும் வாய்ப்பு ரொம்ப அதிகம். தற்கொலையைத் தடுப்பதில் பேர் வாங்கிய மருந்து வேறு. அந்த மூன்று மாசப் பாயைப் பார்த்தவன் நான்.

உடம்பு எடையை வரவு செலவாகச் சொல்வார்கள். தின்றது வரவு, நடந்தது செலவு, மிச்சம் தொந்தி. பி.காம். படித்தவனுக்குப் பிடித்த கணக்குதான். ஆனால் ஒலான்ஸபைன் கணக்குப்பிள்ளையையே கைக்குள் போட்டுக்கொள்கிறது. போதும் என்று மூளைக்குத் தகவல் போகும் வழிகளில் சிலதை அடைத்துவிடுகிறது. நாலு இட்லி சாப்பிட்டவனுக்கு இரண்டு சாப்பிட்ட மாதிரி இருக்கும். இவனைப் பார்த்து "வாயைக் கட்டுடா" என்பது, ஜுரத்தில் நடுங்குகிறவனை ஆடாமல் நில்லு என்பது போல.

லித்தியத்தின் வழி வேறு. சிறுநீர் அதிகம் போகும், தாகம் எடுக்கும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். இவன் ஒரு ஷிஃப்டுக்கு மூன்று பாட்டில் கூல் டிரிங்ஸ் குடித்துக்கொண்டிருந்தான். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை. மூன்று பாட்டிலுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். (சோடாவிலிருந்து லித்தியத்தை எடுத்துவிட்டார்கள், லித்தியம் சாப்பிடுகிறவன் சோடாவைத் தேடிப் போகிறான்.)

எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது அவன் அடுத்துச் சொன்னதுதான். ஜிம் மாஸ்டர் ஒருத்தர் உப்பை அறவே விடச் சொன்னாராம். ஒரு வாரமாக உப்பில்லாத சாப்பாடு. உப்பு குறைந்தால் கிட்னி இருக்கிற சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். ரத்தத்தில் லித்தியம் 0.6-லிருந்து 1.0 வரை இருந்தால் மருந்து, 1.5-ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம். அமெரிக்காவில் உப்பு ஆகாத இதய நோயாளிகளுக்கு, சாதா உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடையே விற்றிருக்கிறார்கள். சில பேர் செத்துப்போய், 1949-ல் தடை செய்தார்கள். ஜான் கேட் கட்டுரை வந்த அதே வருஷம்! அதனால் பத்தியம், பட்டினி, வியர்க்க வியர்க்க ஓட்டம் எதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. தோள்வலி என்று மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் இதே வம்பைத்தான் கொண்டுவரும்.

மறுநாளே பாகாயம் போனோம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம். அங்கே தங்கிச் சிகிச்சை பெறுகிறவரோடு குடும்பத்தில் ஒருவரும் தங்க வேண்டும் என்பதை 1950-களிலேயே வழக்கமாக்கிய இடம். அதனால் சித்தியையும் உட்காரவைத்துப் பேசினார்கள்.

"ராத்திரி என்னம்மா கொடுக்கறீங்க?"

"மாத்திரை சூடாச்சே சார். நெய் ஊத்திப் பெசஞ்சு ரெண்டு தடவையா சோறு போடுவேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. நெய்யை ஒரு ஸ்பூனாக்கி, இரண்டாவது தடவைக்குக் காய் போடச் சொன்னார். உப்பு எப்போதும் போல, கூட்டாமல் குறைக்காமல். சோடாவுக்குப் பதில் தண்ணீர், நீர்மோர். தைராய்டு, சர்க்கரை, லித்தியம் அளவு மூன்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். லித்தியம் தைராய்டை மந்தமாக்கலாம், அதனாலும் எடை ஏறும். இவனுக்கு அது சரியாக இருந்தது. ஒலான்ஸபைனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எடையை அவ்வளவாக ஏற்றாத அரிபிப்ரஸோலுக்கு மாற்றினார். சிலருக்கு மெட்ஃபார்மின் சேர்ப்பதும் உண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து நாமாக மாற்றுகிற சமாச்சாரம் இல்லை. மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் எடை வேகமாக ஏறுகிறது. அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் வேலை இன்னும் சுலபம் என்றார்.

எட்டு மாசமாகிறது. 79 இப்போது 73. இடுப்பு 101 சென்டிமீட்டரிலிருந்து 95. இந்திய ஆண்களுக்கு 90-க்குள் இருக்கணும் என்கிறார்கள். 62-க்குத் திரும்புவான் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி உண்டு, ஒரு பிளேட். அந்தச் சீரகச் சம்பாவை விடச் சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. விடிகாலையில் ஏரிக்கரைப் பக்கம் முக்கால் மணி நேரம் நடக்கிறான். பஸ்ஸில் கிண்டல் செய்தவன் ஒருத்தன், சர்க்கரை இருப்பதாகத் தெரிந்து இப்போது இவன் கூடவே நடக்கிறான்.

போன மாசம் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். மாத்திரை விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறான் அவன். "இளைச்சு நல்லாதானே கீறே, இன்னாத்துக்குச் சொல்லணும்" என்கிறாள் சித்தி. வீட்டில் அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.